சமையல்கட்டில் ஒரு பச்சை விளக்கு

கேட்டைத் தட்டியது நீங்கள்தானா? கொண்டியைப் பிடித்து அந்த அடி அடித்தீர்களே, நான் பயந்தே போனேன். தப்பாகச் சொல்லவில்லை, தம்பி. இந்தத் தெருவில் யாரும் என் கேட்டைத் தட்டுவது கிடையாது, அதனால் சொன்னேன். தூணில் சுவிட்ச் இருக்கிறதே, அதை அழுத்தியிருக்கலாமே. அழுத்தினீர்களா? அப்படியா. நான் ஹாலில் இருந்தேன். சரி, வாருங்கள். செருப்பு வெளியிலேயே இருக்கட்டும். அந்த நாற்காலி வேண்டாம், அது என் மகள் உட்காருகிறது. இதில் உட்காருங்கள். பையைக் கீழே வைக்கலாம்.

மாடி ரூமுக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? போர்டைப் பார்த்துவிட்டு? இருங்கள், இருங்கள். நானே எல்லாம் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாலு பேரிடம் பேசிப் பழக்கமில்லை. நடுவில் யாராவது பேசினால் எங்கே விட்டேன் என்று மறந்துவிடும். அதனால் நான் முடித்ததும் நீங்கள் சொல்லுங்கள்.

மாடியில் ஒரு ரூம். பாத்ரூம் தனி. படிக்கிற பிள்ளைக்குத்தான் கொடுப்பேன். பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டருக்குப் படிக்கிற பிள்ளை என்றால் வாடகையைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன், நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள். ஏனென்றால் அந்த ரூமில் உட்கார்ந்துதான் என் மகள் சுகந்தி சி.ஏ. படித்தாள். தலையை ஆட்டுகிறீர்களே, ஆமா என்றா, இல்லை என்றா? சரி, அப்புறம் சொல்லுங்கள்.

அவள் இங்கே விருதுநகரிலேயே பெண்கள் கல்லூரியில் பி.காம். படித்தாள். நல்ல மார்க். முடித்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பாங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். இவள், “நான் ஆடிட்டருக்குப் படிக்கிறேன்பா” என்றாள். பி.காம். மார்க் நன்றாக இருந்ததால் முதல் பரீட்சை எழுத வேண்டியதில்லையாம், நேராக இரண்டாவதில் சேரலாமாம். “எத்தனை வருஷம்மா?” என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, “அது நம்ம கையில இல்லப்பா” என்றாள்.

அந்தப் பரீட்சையில் எனக்குப் புரிய நாளான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பேப்பரிலும் நாற்பது வாங்கினால் போதும் என்பார்கள். சரி என்று எல்லாப் பேப்பரிலும் நாற்பது நாற்பதாக வாங்கினால் பெயில் என்பார்கள். எல்லாம் சேர்த்துக் கூட்டினால் பாதி வர வேண்டும். அது எனக்கு விளங்கிய பிறகு, அவள் ரிசல்ட்டை அவளுக்கு முன்னால் நான் கூட்டிவிடுவேன். வாயைத் திறக்கமாட்டேன். அவள் முகத்தைப் பார்ப்பேன், சரியாகத்தான் கூட்டியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அவள் அம்மா, இவள் ப்ளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எட்டாவது. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவன். அவள் படிக்கிற புத்தகத்தைத் தூக்கி வைக்கத்தான் எனக்கு முடியும், திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. அப்போது அவளுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். சமைத்துப் போடலாம். வீட்டில் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் குறையில்லாமல் செய்தேன்.

இந்த ஜன்னல்களைப் பாருங்கள். விளிம்பில் கறுப்பாக ஓடுகிறதே, அது ரப்பர். நானே ஒட்டினேன். சாத்தினால் தெருவில் லாரி போனாலும் தெரியாது. டி.வி. கேபிளைக் கழற்றினேன். மிக்சிக்குப் பதில் அம்மியை எடுத்துப் போட்டேன். என் போனில் சத்தத்தை நிறுத்தினேன், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. கோயில் கொடைத் திருவிழா வந்தபோது, நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற கம்பத்தில் குழாய் ரேடியோ கட்டினார்கள். நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. கட்டினவன் டீ குடிக்கப் போனான். நான் ஏறி, குழாயை அடுத்த தெருப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்த தெருக்காரர்கள் அந்த வருஷம் சாமி ரொம்பப் பலமாகக் கூப்பிடுகிறது என்று பேசிக்கொண்டார்களாம்.

காலிங் பெல்லைத்தான் முதலில் கழற்றினேன். ஆனால் யாராவது வந்தால் தெரிய வேண்டுமே. அதே வயரை நீட்டிச் சமையல்கட்டில் ஒரு பச்சை பல்பில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாசலில் சுவிட்சை அழுத்தினால் அடுப்புக்கு மேலே பல்பு எரியும். விரலை எடுத்தால் அணைந்துவிடும். அப்போதே நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், எந்நேரமும் சமையல்கட்டில்தானே இருப்பேன். காப்பி, கஞ்சி, சுண்டல் என்று அவளுக்கு ஏதாவது ஆகிக்கொண்டே இருக்கும். பல்பு எரிந்ததும் சத்தமில்லாமல் போய்க் கேட்டைத் திறப்பேன். அவ்வளவு அழகான ஏற்பாடு. மின்வாரியத்தில் என்னோடு இருந்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, “செவிடன் வீட்டுக்குப் போடுற மாதிரில்லய்யா போட்டிருக்கே” என்றார். அவருக்கு வேலையின் நேர்த்தி தெரியாது.

தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன், கேட்டைத் தட்டக்கூடாது என்று. சுகந்தியிடமும்தான். ஆடிட்டர் ஆபீஸ் விட்டு வந்தால் அவளும் சுவிட்சை அழுத்திவிட்டு நிற்பாள். ஒருநாள் மழையில் அவசரத்துக்குத் தட்டிவிட்டாள். “தட்டாதம்மா, உனக்காகத்தானே இவ்வளவும்” என்றேன். அதற்குப் பிறகு ஒருநாளும் தட்டவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை.

அவள் சித்தி சொர்ணம் வருவாள். என் வீட்டுக்காரியின் தங்கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பாள், திரும்ப மாட்டும்வரை பேசுவாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவேன். “என்ன மாமா, வீட்டுல சாவா விழுந்திருக்கு?” என்று கேட்டுவிட்டு ஒருநாள் போனவள்தான். அது அவள் குணம். நான் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை.

நஸ்ரீன் விஷயத்திலும் அப்படித்தான், நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நஸ்ரீன் என்பது சுகந்தியோடு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பழகின பெண். பரீட்சை எழுத வேண்டுமானால் ஒரு ஆடிட்டரிடம் சில வருஷம் வேலை பழக வேண்டும், அது சட்டம். அங்கே இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள். லீவு நாளில் இரண்டும் மாடியில் உட்கார்ந்து படிக்கும். படிக்கும் என்று சொன்னார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் பேச்சுதான். ஒருத்தி டீச்சர் மாதிரிச் சொல்வாள், இன்னொருத்தி, “அதெப்படிடி?” என்பாள். “நீ கம்பெனி, நான் ஆடிட்டர், இப்ப நான் வர்றேன் பாரு” என்பாள். உடனே ஒரு சிரிப்பு. அந்தப் பெண்ணின் சிரிப்பு இருக்கிறதே, படிக்கட்டில் பாத்திரம் உருண்டு வருகிற மாதிரி இருக்கும்.

பெண் பிள்ளைகளிடம் போய் நான் என்ன சொல்வேன்? எனக்குக் கூச்சம். அதனால் மாடிக்குப் போகிற லைனின் ஃபியூஸைப் பிடுங்கினேன். சித்திரை வெயில். ஃபேன் நின்றால் அந்த ரூமில் உட்கார முடியாது. சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் செருகினேன். படித்தார்கள். மறுபடியும் சிரித்தார்கள். மறுபடியும் பிடுங்கினேன். “அப்பா, மாடியில மட்டும் கரண்ட் போகுதுப்பா” என்று இவள் வந்து நின்றாள். “லோடு தாங்கலம்மா” என்றேன். இவள் என்னைப் பார்த்தாள். வயர்மேன் மகள்தானே. திரும்பி மாடிக்கே போய்விட்டாள். இரண்டு மூன்று வாரம் இப்படி நடந்தது. அப்புறம் நஸ்ரீன் வருவதில்லை. பார்த்தீர்களா, ஒரு வார்த்தை இல்லை, ஒரு மனஸ்தாபம் இல்லை.

வீடு அப்படியே கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி ஆகிவிட்டது. மாடியில் பக்கம் திருப்புகிற சத்தம் எனக்குச் சமையல்கட்டில் கேட்கும். அந்த மே மாதம் எழுதினாள். கடைசிப் பரீட்சையின் பேப்பர்கள் இரண்டு குரூப், ஒன்றை முன்னாலேயே முடித்திருந்தாள், பாக்கி ஒரு குரூப்தான். எல்லாப் பேப்பரிலும் நாற்பதுக்கு மேல். நான் கூட்டிப் பார்த்தேன், மொத்தத்தில் சில மார்க் இடிக்கிறது. நஸ்ரீன் பாஸ். நவம்பரில் எழுதினாள், இன்னும் கொஞ்சம் குறைந்துவிட்டது. அது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. அவ்வளவு அமைதியாக வைத்திருந்தேன், தம்பி.

அதற்குப் பிறகு இவள் வீட்டில் படிப்பதைக் குறைத்தாள். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, “லைப்ரரிக்குப் போறேன்பா” என்பாள். நல்லதுதான், அங்கேயும் அமைதி என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை லைப்ரரி கிடையாதே. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்னென்னவோ நினைத்தேன். பெண்ணைப் பெற்றவன் நினைப்பதையெல்லாம் நினைத்தேன்.

நேரே ஜங்ஷனுக்குள் போனாள். நான் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. இவள் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் தரையில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பொம்பளை, அடுத்த வண்டி வரும்வரை கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்து இரைச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மைக்கில் ஒருத்தி அறிவித்துக்கொண்டே இருக்கிறாள், கூட்ஸ் வண்டி போகிறது, குழந்தை அழுகிறது. அதற்கு நடுவில் என் மகள் கையை ஆட்டி ஆட்டி அந்தப் பொம்பளைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

“ஒரு பெரிய கம்பெனிக்குக் கீழ இன்னொரு கம்பெனி இருக்குன்னு வைங்கக்கா. தனிக்குடித்தனம் போன பிள்ளை மாதிரி. அடுப்பு தனி, கணக்கு தனி. ஆனா வருஷக் கடைசியில ஊருக்குக் காட்டும்போது ரெண்டையும் சேர்த்து ஒரே குடும்பமாத்தான் காட்டணும்.”

“உள்ளுக்குள்ள பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாட்டியுமா?” என்று அந்தப் பொம்பளை கேட்டது.

“ஆமாக்கா. அவங்களுக்குள்ள கொடுத்தது வாங்கினதை எல்லாம் அடிச்சிரணும். வெளிய காட்டக்கூடாது.”

“அது சரி, எல்லா வீட்டுலயும் அப்படித்தான நடக்கு. இதுக்கு எதுக்கும்மா பரீட்சை?”

இவள் சிரித்தாள். தம்பி, அவள் அம்மா போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. இல்லை, நஸ்ரீன் வந்தபோது கேட்டிருப்பேன். அந்த இரண்டு பேர் சத்தத்தில் எது யார் சிரிப்பு என்று கவனிக்கவில்லை.

எனக்கு அந்தப் பாடம் புரிந்தது. முழுசாகப் புரிந்தது. ஒரு சந்தேகம்கூட வந்தது. அந்தத் தனிக்குடித்தனக் கம்பெனியில் பாதியை வெளியாள் ஒருத்தர் வாங்கிவிட்டால் அப்போது எப்படிக் காட்டுவது? அந்தப் பொம்பளை அதைக் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன். “யாருக்காவது சொன்னாத்தாங்க்கா எனக்கு மனசுல நிக்கும், வீட்டுல ஆள் இல்லை” என்றாள் இவள். அது எனக்கு நன்றாகக் கேட்டது. அந்த இரைச்சலிலும் கேட்டது.

நான் திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் இவள் வந்ததும், “லைப்ரரியில கூட்டமாம்மா?” என்று கேட்டேன். “ஆமாப்பா” என்றாள். தட்டில் இட்லியை வைத்தேன். ‘எனக்குச் சொல்லேன், நான் கேட்கிறேன்’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எட்டாவது படித்தவனுக்குச் சொல்லு என்று எப்படிக் கேட்பது? அவள் மறுக்கவும் மாட்டாள், பாவம், மனசுக்குள் சங்கடப்படுவாள். அதனால் விட்டுவிட்டேன். மறுநாள் கேட் லேசாகக் கிரீச்சிடுகிற மாதிரி இருந்தது, அதற்கு எண்ணெய் போட்டேன்.

அடுத்த தடவை பாஸ். ரிசல்ட் போனில்தான் வருகிறது. மாடியிலிருந்து ஒரே அலறல். படிக்கட்டில் ஓடிவந்து, “அப்பா! அப்பா! முடிச்சிட்டேன்பா!” என்று கத்துகிறாள். நான் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? விரல் தானாக உதட்டுக்குப் போய்விட்டது. பழக்கம்தான். வேறு ஒன்றுமில்லை. உடனே எடுத்துவிட்டேன். ஆனால் அவள் நின்றுவிட்டாள். அப்புறம் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், மெதுவாக, “நஸ்ரீன் வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்பா” என்றாள். போனவள் விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள். நான் கேசரி கிளறி வைத்திருந்தேன், ஆறிப்போயிருந்தது. நல்லாருக்குப்பா என்று சாப்பிட்டாள்.

எல்லாரும் கேட்டார்கள், எப்படிப் பாஸ் பண்ணினாள் என்று. வீடு அமைதியாக இருந்தது, அதுதான் காரணம் என்று சொன்னேன்.

இப்போது புனேயில் இருக்கிறாள். பெரிய கம்பெனி. போன் பண்ணுவாள். நான் எடுத்துப் பார்க்கும்போது, கூப்பிட்டிருக்கிறாள் என்று காட்டும். திருப்பிக் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பாள். அப்படித்தான் போகிறது. நான் இப்போது ஒருவேளைதான் சமைக்கிறேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டும். மீதி நேரமெல்லாம் இந்த ஹாலில்தான்.

ஆட்கள்தான் யாரும் வருவதில்லை. ஊர் மாறிவிட்டது, தம்பி. கூரியர்காரன்கூட ஒரு துண்டுச்சீட்டைச் செருகிவிட்டுப் போய்விடுகிறான், ஆள் இல்லை என்று எழுதி. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், ஆள் இல்லையாம். ஆவணியில் அந்த நஸ்ரீனுக்குக் கல்யாணம். பத்திரிகையைக் கேட்டில் செருகிவிட்டுப் போயிருந்தாள். உள்ளே வந்து கையில் கொடுத்தால் என்ன? அதனால் நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் சுகந்தி வருகிறேன் என்றாள். “காலையில நேரா மண்டபத்துக்குப் போயிட்டு, மதியம் வீட்டுக்கு வர்றேன்பா. சாயங்கால ரயிலுக்குத் திரும்பணும்” என்றாள். வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் விடியும்போதே எழுந்து கத்தரிக்காய் புளிக்குழம்பு, அப்பளம், அவளுக்குப் பிடித்த சேமியா பாயசம் எல்லாம் செய்து முடித்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் சமையல்கட்டில் ஒரு வேலை பாக்கி வைக்கவில்லை. அவள் வரும்போது அடுப்படியில் நிற்கக்கூடாது என்று நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, இதோ, இங்கேதான் உட்கார்ந்தேன். கதவைப் பார்த்துக்கொண்டு.

அவள் வரவில்லை.

சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தால் அவள் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். வரமுடியாது என்று சொல்லக் கூப்பிட்டிருப்பாள். நான் கூப்பிட்டேன். ரயிலில் இருந்தாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், “பரவாயில்லப்பா” என்றாள். எனக்கு அதுதான் தம்பி இன்றுவரை ஆறவில்லை. வராதது அவள். பரவாயில்லை என்று நான்தானே சொல்ல வேண்டும்? அவள் சொல்கிறாள். நானும், “சரிம்மா” என்று வைத்துவிட்டேன். பாயசத்தை மறுநாள்வரை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அதனால்தான் மாடியை விடலாம் என்று போர்டு மாட்டினேன். ஒரு பிள்ளை மேலே இருந்தால் சரி. கொஞ்சம் சத்தமாகப் படித்தால்கூட இப்போது நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சரி, முடித்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள். ரூமைப் பார்க்கலாமா?

ரூமுக்கு வரவில்லையா?

யாருக்கு அண்ணன்? நஸ்ரீனுக்கா?

அடடா. முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி. ஆமாம், நான்தான் பேசவிடவில்லை. அந்த ஃபியூஸ் விஷயத்தையெல்லாம் உளறிவிட்டேனே. வீட்டில் சொல்லிவிடாதீர்கள். தெரியுமா? அப்போதே வந்து சொன்னாளா? சொல்லிச் சிரித்தாளா? சிரிப்பாள், சிரிப்பாள். சிரிக்கிற பெண்தான்.

பையில் என்ன? பெல்லா? சுகந்தி உங்களிடம் வாங்கி மாட்டச் சொன்னாளா? முப்பது வருஷம் இந்த ஊருக்கு லைட் போட்டவன் நான். எனக்கு ஒரு காலிங் பெல்லா? எதற்காம்?

என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

வந்தாளா?

உங்கள் காரிலா. மதியம். வாசல்வரை. மூன்று தடவை அழுத்தினாளா. போனும் பண்ணினாளா. நீங்கள் இறங்கித் தட்டுகிறேன் என்றீர்கள். அவள் விடவில்லை. “அப்பாவுக்குப் பிடிக்காது, தட்டாதீங்கண்ணே” என்றாளா.

நான் இங்கேதான் இருந்தேன், தம்பி. இந்த நாற்காலியில். கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அது எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது.

கோபமா? முதலில் மண்டபத்துக்குப் போனதால் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தாளா? எனக்கு எங்கே கோபம். நான் என்றைக்காவது ஒரு வார்த்தை... ஆமாம். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்.

பத்திரிகை கொடுக்க வந்தபோது நஸ்ரீனும் அழுத்திவிட்டுத்தான் நின்றாளா? சரி. போதும். சொல்ல வேண்டாம்.

பெல்லைக் கொடுங்கள். நீங்கள் மாட்ட வேண்டாம், நான் மாட்டுகிறேன். அந்த ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், கால் முன்னே மாதிரி நிற்பதில்லை. மெயினை அணைத்துவிட்டேன். சமையல்கட்டுக்குப் போகிற வயரை இங்கேயே வெட்டிவிடலாம். பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிற்று. அந்த ஸ்க்ரூவை எடுங்கள். ஆயிற்று, தம்பி. மெயினையும் போட்டுவிட்டேன்.

இப்போது ஒரு உபகாரம் பண்ணுங்கள். வெளியே போய்க் கேட்டைச் சாத்திக்கொள்ளுங்கள். சுவிட்ச் பக்கத்தில் நில்லுங்கள். அவள் நின்ற இடத்தில். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நின்றுவிட்டீர்களா? நான் சத்தமாகத்தான் பேசுகிறேன், கேட்கிறதா? ஆ, அழுத்துங்கள்!

கேட்டது. நன்றாகக் கேட்டது.

இன்னொரு தடவை அழுத்துங்கள்.

இன்னும் ஒரே ஒரு தடவை. மூன்றாவது தடவை. அழுத்திவிட்டு அங்கேயே நில்லுங்கள், போய்விடாதீர்கள். நான் வந்து திறக்கிறேன்.